முதியோர் இல்லத்துக்குக் கல் வைப்பதற்கு முன் ஒரு வேண்டுகோள்

வெளிநாடுகளில் வாழும் எங்கள் ஊர் ஒன்றியத்தாருக்கு,

அன்பான பிள்ளைகளே,

கனடா, லண்டன், சுவிஸ், டென்மார்க் என்று எங்கெங்கோ இருந்துகொண்டு ஊரை மறக்காத உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். ஒன்றியத்துக்கு மட்டும் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கலாம். ஆனால் எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தாரும் பிரதேச செயலகத்தாரும் இங்கே குடியிருக்கிற சனமும் இதை வாசிக்க வேண்டும். அதனால்தான் எல்லோர் முன்னாலும் எழுதுகிறேன்.

நான் மட்டக்களப்பில் 34 வருடம் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வு பெற்றவள். உங்களில் சிலரைக் கைக்குழந்தையாகத் தராசில் போட்டு நிறை பார்த்ததும் நான்தான். இப்போது எனக்கு 67 வயது. 2004 மார்கழி 26 சுனாமியில் கடல் எடுத்தது போக மிஞ்சியவர்களோடு, வாவிப் பக்கம் கட்டித்தந்த வீட்டுத் திட்டத்தில் இருக்கிறேன்.

நீங்கள் 40 கட்டில் போட்டு ஒரு முதியோர் இல்லம் கட்டப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். காணி பார்த்தாயிற்று, படமும் கீறியாயிற்று என்கிறார்கள். எங்களை நினைத்ததற்கு மனம் நிறைந்த நன்றி. ஆனால் கல் வைப்பதற்கு முன் ஒரு வேண்டுகோள். அதைக் கட்டாதீர்கள். அந்தக் காசில் பாதி போதும், நாங்கள் இருக்கிற இடத்திலேயே எங்கள் கடைசிக் காலத்தைக் கழித்துவிடுவோம்.

இப்படிக் கேட்பதற்கு முதற் காரணம் எங்கள் வரிசையில் இருந்த ஒரு பெத்தா, அதாவது பாட்டி. நாவலடிப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். புருஷனும் இரண்டு பிள்ளைகளும் கடலோடு போய்விட்டார்கள். மிஞ்சிய ஒரே மகள் குவைத்தில் வீட்டு வேலை. ஒரு மழை இரவில் வெளியே இருந்த கழிப்பறைக்குப் போன இடத்தில் வழுக்கி விழுந்துவிட்டார். விடியும்வரை அப்படியே கிடந்தார். சுற்றிவர எட்டு வீடு. அவருடைய நாய் விடாமல் குரைத்ததை நான் உட்பட எல்லோரும் கேட்டோம். வேறு யாராவது எழும்பிப் பார்ப்பார்கள் என்று எல்லோரும் படுத்திருந்தோம். காலையில் 1990 என்ற அவசர இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது. இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

சத்திர சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனால் திரும்பி வருவதற்கு அவருடைய வீடு உதவவில்லை. வாசலில் மூன்று படி, கழிப்பறை வெளியே, குந்தியிருக்க முடியாத கால். மகள் அங்கிருந்து அழுது அழுது ஓர் இல்லத்தில் இடம் பிடித்துக் கொடுத்தாள். அந்த இல்லத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. துப்புரவான கட்டில், நேரத்துக்குச் சாப்பாடு, அன்பாகப் பேசுகிற பிள்ளைகள். நான் மாதம் ஒரு தரம் போவேன். போனதும் அவர் என் கையைப் பிடித்துக் கேட்கிற முதற் கேள்வி, “புள்ள, இண்டைக்குக் கடல் எப்பிடிக் கிடக்கு?” அங்கே அதைக் கேட்பதற்கு அவருக்கு ஆள் இல்லை. அவருடைய புருஷனைத் தெரிந்தவர்கள், பிள்ளைகளின் முகம் தெரிந்தவர்கள், தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி என்று தெரிந்தவர்கள் எல்லோரும் இங்கே இந்த வரிசையில் இருந்தோம். எட்டாவது மாதம் அவர் போய்விட்டார். அன்று இரவு எழும்பிப் போகாத குற்றம் எனக்குள் இன்னும் இருக்கிறது.

எங்கள் திட்டத்துக்கு நாங்கள் குடிவந்த விதத்தையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வழமையான ஊரில் ஒரு வீட்டில் கைக்குழந்தை, அடுத்த வீட்டில் புதுத் தம்பதி, அதற்கடுத்த வீட்டில் கிழவி என்று வயது கலந்திருக்கும். எங்களுக்கு ஒரே கிழமையில் திறப்புக் கொடுத்தார்கள். வாங்கியவர்களில் கனபேர் 40க்கும் 50க்கும் இடையில் இருந்தவர்கள். 20 வருடம் தாண்டிவிட்டது, எல்லோரும் ஒன்றாக முதுமைக்குள் வந்துவிட்டோம். 2012ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 100 பேருக்கு 12 பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். எங்கள் வரிசையில் 14 வீடு இருக்கிறது. அதில் 9 வீட்டில் 60 தாண்டியவர்கள். நாலு வீட்டில் தனியாள். மூன்று வீடு பூட்டிக் கிடக்கிறது. 40 கட்டில் உங்களுக்கு எத்தனை வருடம் காணும்?

என் வேலையில் எனக்கு ஒரு பதிவேடு இருந்தது. என் பிரிவில் எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாள், யாருக்கு இரத்தம் குறைவு, எந்தப் பிள்ளைக்கு எந்த ஊசி மிச்சம் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரு தாய் கிளினிக்குக்கு வராவிட்டால் நான் சைக்கிளில் அவள் வீட்டுக்குப் போய் நிற்பேன். இந்த நாட்டில் தாயும் பிள்ளையும் பிரசவத்தில் சாவது குறைந்ததற்கு அந்தப் பதிவேடும் அந்த வீட்டு நடையும் பெரிய காரணம். சாவுக்கும் எங்களிடம் ஒழுங்கு உண்டு. ஒருவர் கண்மூடினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் மரண உதவிச் சங்கத்தின் கதிரை வந்துவிடும், தறப்பாள் வந்துவிடும், கையில் காசும் வந்துவிடும். செத்த வீட்டில் அடுப்பு எரியாது என்று அயல் வீடுகள் முறைவைத்துச் சமைத்து அனுப்பும். முழங்கால் பிடித்துக்கொண்டு, கண்ணில் வெள்ளை படர்ந்து, காலை மாத்திரையை மறந்து இரண்டு தரம் போடுகிற ஒரு மனுசிக்கு மட்டும் இப்படி எதுவும் கிடையாது.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டம் இருக்கிறது. பார்க்காத பிள்ளைகளிடம் பராமரிப்புச் செலவு கேட்டு மனுக் கொடுக்க அதில் வழி உண்டு. வறுமைப்பட்டவர்களுக்கு 70க்கு மேல் உதவித்தொகை வருகிறது. கிராமத்துக்கொரு முதியோர் சங்கமும் பதிவில் இருக்கிறது, எங்களுடையது ஐப்பசி முதலாம் திகதி முதியோர் தினத்துக்குக் கூடிக் கலையும். இதெல்லாம் தேவைதான். ஆனால் இரவு 2 மணிக்கு விழுந்த ஆளைத் தூக்க அயல் வீட்டுக் கைதான் வேண்டும்.

அயல் என்று சொல்லும்போது எனக்குப் பழைய வளவுதான் ஞாபகம் வருகிறது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் வீடு மகளுக்குத்தான் போகும் என்பதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பீர்கள். தமிழரிலும் அதுதான் வழக்கம், காத்தான்குடி, கல்முனைப் பக்கத்து முஸ்லிம் சனத்திலும் அதுதான். மூத்த மகளுக்குக் கல்யாணம் என்றால் வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் அதே வளவில் சின்னதாக ஒரு வீடு போட்டு ஒதுங்குவார்கள். அடுத்த மகளுக்குப் பக்கத்தில் இன்னொன்று. கடைசியில் அக்கா தங்கச்சிமாரின் வீடுகள் ஒரே வேலிக்குள், ஒரே கிணற்றைச் சுற்றி நிற்கும். என் அம்மம்மா கண் தெரியாமல் 11 வருடம் அப்படி ஒரு வளவில் இருந்தார். மூன்று வீட்டில் எந்த வீட்டில் முதலில் உலை கொதித்ததோ அங்கே கஞ்சி குடிப்பார்.

சுனாமிக்குப் பிறகு வந்த திட்டங்கள் இந்த வளவைப் பிரித்துவிட்டன. வடக்குக் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று முதலில் சட்டம் போட்டார்கள். கரையோரச் சனம் திராய்மடு போன்ற உள்ளிடங்களுக்குப் போனது. குடும்பத்துக்கு ஒரு துண்டுக் காணி, 500 சதுர அடி வீடு, சீட்டுக் குலுக்கி இலக்கம். அக்காவுக்கு முதலாம் வரிசை, தங்கச்சிக்கு ஏழாம் வரிசை. தாய்க்கு ஒதுங்கிக்கொள்ள இன்னொரு வீடு போட நிலம் இல்லை. இன்னொரு கெடுதியும் நடந்தது. காலங்காலமாகப் பெண் பெயரில் இருந்த வீடு, குடும்பத் தலைவர் என்ற ஒரு சொல்லால் பல இடங்களில் ஆண் பெயருக்கு மாறியது. தன் பெயரில் வீட்டு உறுதிப் பத்திரம் இருந்த கிழவியை யாரும் வெளியே போ என்று சொல்ல முடியாது. அந்தப் பலம் கனபேருக்குப் போய்விட்டது. இதை வாசிக்கிற தாய்மாருக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். மகளுக்கோ மகனுக்கோ வீட்டை எழுதினால், சாகும்வரை அதில் இருக்கிற சீவிய உரித்தை உங்களுக்கு வைத்துக்கொண்டு எழுதச் சொல்லுங்கள். நொத்தாரிசிடம் வாய் திறந்து கேளுங்கள்.

பழைய வளவை அப்படியே திருப்பிக் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. அது மகள்மாரின் முதுகில் நின்ற ஏற்பாடு. என் அம்மா தன் தாயைப் பார்த்ததில் தன் முதுகெலும்பைக் கொடுத்தார். இன்றைக்கு அந்த மகள்மார் குவைத்திலும் கட்டாரிலும் கொழும்பு ஆடைத் தொழிற்சாலையிலும் நிற்கிறார்கள். அவர்களைத் திரும்பி வா என்று சொல்ல எனக்கு வாய் வராது. இரத்த உறவு இல்லாத அயலவர்கள் எப்படி ஒன்றாக முதுமையைச் சமாளிப்பது என்பதுதான் இப்போதைய கேள்வி.

இதை எங்களுக்கு முன்பே யோசித்தவர்கள் இருக்கிறார்கள். உங்களில் சிலர் டென்மார்க்கில்தான் இருக்கிறீர்கள், தேடினால் பக்கத்திலேயே கிடைக்கும். கோபன்ஹேகனுக்கு வடக்கே சேட்டடாமன் என்ற இடத்தில் 1972இல் 27 குடும்பங்கள் சேர்ந்து ஒரு குடியிருப்பை அமைத்தன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தன் வீடு, தன் கதவு. நடுவில் எல்லோருக்கும் பொதுவான ஒரு வீடு, அதில் பெரிய குசினி, சேர்ந்து சாப்பிட மேசை. கூட்டுக் குடியிருப்பு என்று சொல்லலாம். பிள்ளைகளை ஒன்றாக வளர்க்கலாம் என்று இளம் பெற்றோர் தொடங்கியவை இவை. இப்படித் தொடங்கிய இடங்களில் ஒன்றாக வந்தவர்கள் ஒன்றாகவே கிழவர்களானார்கள், எங்களைப் போலவே. அதனால் முதுமையைப் பற்றி முன்கூட்டியே உட்கார்ந்து பேச வேண்டி வந்தது. 1980களில் முதியவர்களுக்கென்றே இப்படியான குடியிருப்புகளும் அங்கே வந்தன.

லண்டனில் என் தங்கையின் மகள் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கிற வேலை செய்கிறாள். அங்கே ஹை பார்னெட்டில் இருக்கிற நியூ கிரவுண்ட் என்ற கூட்டுக் குடியிருப்பைப் பற்றி அவள்தான் சொன்னாள். 50 வயது தாண்டிய பெண்கள் 1998இல் கூடிப் பேசத் தொடங்கி, 18 வருடம் அலைந்து, 2016இல் 25 வீடுகளோடு குடிபுகுந்தார்கள். எனக்குப் பிடித்தது அவர்கள் வைத்திருக்கிற எல்லை. ஒருவரை ஒருவர் எட்டிப் பார்ப்பது, சுகமில்லை என்றால் சூப் காய்ச்சிக் கொடுப்பது, வைத்தியரிடம் கூட்டிப்போவது எல்லாம் அயலவர் வேலை. குளிக்க வார்ப்பது, உடுப்பு மாற்றுவது, இரவிரவாகக் காவலிருப்பது அயலவர் வேலை இல்லை. அதற்குப் பயிற்சி பெற்ற ஆள் சம்பளத்துக்கு வர வேண்டும். இதைக் குடிவருவதற்கு முன்பே பேசி வைத்துக்கொண்டார்கள்.

இந்த எல்லை இல்லாததால் எங்கள் வரிசையில் ஒரு நல்ல மனுசி ஓய்ந்து போனாள். பெத்தா விழுந்த பிறகு எல்லோருக்கும் மனம் உறுத்தியதில், எந்த வீட்டில் என்ன நடந்தாலும் இவளைக் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. ஒருவருக்குச் சோறு, இன்னொருவருக்குக் கிளினிக், நினைவு தப்பிய ஒரு ஐயாவுக்கு இரவுக் காவல். அந்த ஐயா பழைய மீன்பிடிகாரர். விடியச் சாமம் மூன்று மணிக்கு எழும்பித் தோணியைத் தேடிக் கடல் பக்கம் நடந்துவிடுவார். ஆட்டோப் பொடியன்மார் கண்டால் ஏற்றிக்கொண்டு வந்து விடுவார்கள். இரண்டு வருடம் இவள் அவருடைய வாசலில் பாய் போட்டுப் படுத்தாள். பிறகு அவளுக்கே பிறசர் ஏறி விழுந்தாள். இப்போது யார் கூப்பிட்டாலும் கதவைத் திறக்கிறாள் இல்லை. அவளில் எனக்குக் கோபம் இல்லை, ஒரு ஆளின் தலையில் எல்லாவற்றையும் போட்ட எங்களில்தான் கோபம்.

அதற்குப் பிறகு நாங்கள் பத்துப் பெண்கள் உட்கார்ந்து கதைத்தோம். காலையில் முற்றம் கூட்டுவது எங்கள் பழக்கம்தானே. மணல் முற்றத்தில் ஈர்க்கில் கோடு விழுந்திருந்தால் அந்த வீட்டு ஆள் எழும்பிவிட்டார் என்று அர்த்தம். 7 மணிக்குள் கோடு இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு ஆள் போய்க் கதவைத் தட்ட வேண்டும். கூட்ட முடியாதவர்கள் முன் யன்னலைத் திறந்து வைப்பார்கள். ஒவ்வொரு ஆளுக்கும் பொறுப்பாக இரண்டு வீடு, ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் மற்றவர். என் பழைய பதிவேட்டைப் போல ஒரு கொப்பியும் போட்டேன். யாருக்கு என்ன மருந்து, எந்த நாள் கிளினிக், வெளிநாட்டில் யாருடைய தொலைபேசி இலக்கம், விழுந்தால் யாரிடம் மேலதிகத் திறப்பு இருக்கிறது எல்லாம் அதில். ஒன்றரை வருடத்தில் மூன்று தரம் அந்தக் கோடு இல்லாத முற்றம் எங்களை உள்ளே அனுப்பியது. மூன்று பேரும் இன்று உயிரோடு இருக்கிறார்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

செலவு வருகிற இடங்களுக்குத்தான் நீங்கள் வேண்டும்.

வீட்டிலிருந்து தொடங்குகிறேன். வெள்ளத்துக்குப் பயந்து எங்கள் வீடுகளின் அத்திவாரத்தை 2 அடி உயர்த்திக் கட்டினார்கள். மார்கழி வெள்ளத்தில் அந்த 2 அடி எங்களைக் காப்பாற்றியும் இருக்கிறது. ஆனால் அந்தப் படிதான் இன்று கனபேரை வீட்டுக்குள் பூட்டி வைத்திருக்கிறது. சக்கர நாற்காலி ஏறுகிற சரிவுப் பாதை என்றால் ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். 2 அடிக்கு 24 அடி. முன் முற்றத்தில் அவ்வளவு நேராகப் போகாது, நடுவில் ஒரு தட்டு வைத்து மடித்துக் கட்டலாம். எங்கள் மேசன்மாருக்கு அது பெரிய வேலை இல்லை. கழிப்பறையை உள்ளே கொண்டுவந்து, கொமட் வைத்து, சுவரில் இரண்டு பிடிகம்பி அடித்து, நாற்காலி நுழைகிற அகலத்துக்குக் கதவை மாற்ற வேண்டும். இரவில் போகிற பாதைக்கு ஒரு மின்குமிழ். இவ்வளவும் செய்திருந்தால் பெத்தா வீட்டுக்குத் திரும்பியிருப்பார். எந்த வீட்டுக்கு முதலில் என்பதை அங்கிருந்து தீர்மானிக்காதீர்கள், அந்தக் கொப்பி சொல்லும்.

அடுத்தது மண்டபம். எங்கள் திட்டத்தில் பல்நோக்கு மண்டபம் ஒன்று இருக்கிறது, தெரியும்தானே. கூட்டத்துக்கும் தேர்தலுக்கும் திறப்பார்கள். கூரையில் கறையான், குசினியில் தண்ணீர் இல்லை. அதைத் திருத்தி நாளுக்கு ஒரு வேளை, மதியச் சாப்பாடு மட்டும், எல்லோரும் சேர்ந்து சாப்பிட வழி செய்யுங்கள். தனியாக இருக்கிற ஆள் தனக்காக உலை வைப்பதில்லை. பாணும் வெறுந்தேத்தண்ணியுமாக நாளைக் கழித்துவிடுவார், சீனி வருத்தம் ஏறும். ஸ்டொக்ஹோமில் 1993இல் தொடங்கிய ஃபார்ட்க்னெப்பன் என்ற குடியிருப்பில் 43 வீட்டுக்காரரும் குழுக்களாகப் பிரிந்து கிழமை நாட்களில் முறைவைத்துச் சமைக்கிறார்கள். எங்களுக்கு இது புதிதா? கண்ணகை அம்மன் சடங்கில் இன்ன நாள் இன்ன குடிக்கு என்று பிரித்து வைத்திருக்கிறோம். தன் முறை வந்தால் எந்தக் குடியாவது பின்வாங்கி நின்றிருக்கிறதா? அதே போல ஒரு வரிசைக்கு ஒரு நாள் என்றால் சமையல் பாரமாக இருக்காது. வெங்காயம் உரிக்க முடிந்த 80 வயதுக்காரருக்கும் அங்கே ஒரு வேலை இருக்கும்.

அதை விடப் பெரிய தேவை சம்பளம். மத்திய கிழக்கில் யாரோ ஒருவரின் தாய் தகப்பனைப் பத்து வருடம் தூக்கிப் பராமரித்துவிட்டு வந்த பெண்கள் எங்கள் திட்டத்திலேயே இருக்கிறார்கள். படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்கவும், புரைக்கேறாமல் ஊட்டவும், நினைவு தப்பியவரோடு கோபப்படாமல் பேசவும் அவர்களுக்குத் தெரியும். இங்கே அந்த வேலைக்குக் கூலி இல்லாததால் திரும்பவும் விமானம் ஏறப் பார்க்கிறார்கள். அவர்களில் இரண்டு மூன்று பேருக்கு மாதச் சம்பளம் கொடுங்கள். குளிக்க வார்ப்பதும் இரவுக் காவலும் அவர்கள் பொறுப்பு. கொப்பியைக் கொண்டு நடத்த இன்னொருவர். நான் எத்தனை நாளைக்கு? கட்டடத்துக்கு ஒரு தரம் காசு சேர்ப்பது சுலபம், திறப்பு விழா நடக்கும், கல்வெட்டு வைக்கலாம். மாதா மாதம் சம்பளம் அனுப்புவது கஷ்டம் என்பது தெரிந்துதான் கேட்கிறேன். உங்கள் காசு மற்ற எதையும் விட அதற்குத்தான் தேவை.

பூட்டிக் கிடக்கிற வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வரிசையில் மூன்று, முழுத் திட்டத்திலும் 20க்கு மேல். சிலவற்றின் சொந்தக்காரர் உங்கள் ஒன்றியத்திலேயே இருக்கிறீர்கள். எங்களை வயது கலந்த ஊராக மாற்றுவது உங்கள் கையில்தான் இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் உள்ள இளம் குடும்பங்களுக்குக் குறைந்த வாடகைக்குக் கொடுங்கள். இரண்டு முற்றத்தைப் பார்க்கிற பொறுப்பை அவர்களும் எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். காலி வீட்டில் கரப்பான் குடியிருப்பதை விட அது நல்லது. உங்கள் வீட்டையும் ஒருவர் பார்த்துக்கொள்வார்.

இல்லம் ஒருவருக்குமே தேவையில்லை என்று நான் வாதாடவில்லை. யாருமே இல்லாதவர்கள், முழு நேரமும் தாதி தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் தோணிக்கார ஐயாவும் ஒரு நாள் அந்த நிலைக்கு வரலாம். அப்போது யார் முடிவெடுப்பது, எந்த இல்லம், யார் போய்ப் பார்ப்பது என்று அவருக்கு நினைவு இருக்கும்போதே அவரையும் வைத்துக்கொண்டு பேசியிருக்க வேண்டும். நாங்கள் பேசவில்லை, காலம் தப்பிவிட்டது. மற்றவர்களோடு இப்போது பேசத் தொடங்கியிருக்கிறேன். கஷ்டமான கதை அது. ஒரு மாமி “என்னை அனுப்பத்தானே கேட்கிறாய்” என்று இரண்டு கிழமை என்னோடு முகம் கொடுக்கவில்லை. பிறகு தானாகவே வந்து, தன் மகனுடைய இலக்கத்தையும் தன் விருப்பத்தையும் கொப்பியில் எழுதச் சொன்னார்.

ஆடி, ஆவணி விடுமுறைக்கு உங்களில் கனபேர் வருவீர்கள். காணியையும் படத்தையும் பார்ப்பதற்கு முன் ஒரு நாள் காலை 6 மணிக்கு எங்கள் வரிசைக்கு வாருங்கள். நான் முற்றம் பார்க்கப் போகிற நேரம் அது, என்னோடு ஒரு சுற்று நடந்து வாருங்கள். பிறகு மண்டபத்தைத் திறந்து, உள்ளே இருந்து இந்த மக்களோடேயே கதையுங்கள். திறப்பு சங்கச் செயலாளரிடம் இருக்கிறது. வருகிற நாளைச் சொன்னால் முதல் நாளே வாங்கி வைத்துவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஊரின் ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்,
மட்டக்களப்பு